முக்கால் ஏலக்காய்

சமையலறையைப் புதுப்பித்தபோது தச்சர் புத்தகத்துக்கென்று எனக்கு ஒரே ஒரு தட்டுதான் ஒதுக்கினார். மிக்ஸிக்கு ஒரு மாடம், சிலிண்டருக்கு ஒரு தடுப்பு, வெங்காயத்துக்குக் கம்பிக்கூடை என்று மற்ற எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் விட்ட மனுஷர், சமையல் புத்தகம் என்றால் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும் என்று நினைத்துவிட்டார். என்னிடம் இருந்தவை மூன்று அட்டைப்பெட்டி. புதுக்கோட்டையில் புத்தகத் திருவிழா நடக்கும்போதெல்லாம் நாவல் வாங்கப் போய், கூடவே இரண்டு சமையல் புத்தகங்களோடு வீடு திரும்பியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கியவை, வார இதழோடு இலவசமாக வந்தவை, குக்கர் டப்பாவுக்குள்ளிருந்து எடுத்தவை என்று அது பாட்டுக்குப் பெருகிவிட்டது. பெட்டிகளைப் பார்த்த தச்சர், இதையெல்லாம் பார்த்துத்தான் சமைக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றால் பொய், இல்லை என்றால் அவமானம். தட்டை இன்னும் கொஞ்சம் நீளமாகப் போட முடியுமா என்று பேச்சை மாற்றினேன். முடியாது என்றார்.

உண்மையில் நான் சமையல் புத்தகங்களைப் படிக்கிற ஜாதி. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொண்டு 'நண்டு மிளகு வறுவல்' என்று வாசிப்பதில் கிடைக்கிற சுகம் எந்தக் காப்பியத்திலும் கிடைத்ததில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகள், எல்லாம்தான் போனில் இருக்கிறதே, இந்தக் குப்பையைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்கிறாள். போனில் வருகிற பெண்மணி தன் மாமியார் புராணத்தைச் சொல்லி முடித்துக் கடுகைப் போடுவதற்குள் என் எண்ணெய் புகைந்துவிடுகிறது. நிறுத்தலாம் என்றால் கையெல்லாம் மாவு. புத்தகம் நாம் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்.

ஆனாலும் ஒரு தட்டு என்றால் ஒரு தட்டுதான். எதை வைப்பது, எதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது? அட்டை அழகைப் பார்த்தோ, வாங்கிய ஞாபகத்தைப் பார்த்தோ முடிவெடுத்தால் ஒன்றும் வெளியே போகாது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் மூன்று பதார்த்தம் சமைப்பது. அச்சில் உள்ளபடியே சமைப்பது. என் சொந்தப் புத்தி ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது. மூன்றில் இரண்டு சரியாக வந்தால் புத்தகத்துக்கு இடம் உண்டு.

சொல்வது சுலபம். இத்தனை வருஷம் சமைத்த கை, புத்தகம் சொல்லாமலேயே உப்பை அள்ளிப் போட்டுவிடும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய பாடாக இருந்தது. தீர்ப்புச் சொல்ல வீட்டுக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவருக்கு எல்லாமே "நல்லாத்தான் இருக்கு". கரிந்தாலும் நல்லாத்தான் இருக்கு, உப்பே போடாவிட்டாலும் நல்லாத்தான் இருக்கு. நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தையும் தேர்வு செய்ய முடியாது.

அந்த மாதங்களில் நான் பார்த்த பொய்களைச் சொல்லி முடியாது. 'வெங்காயத்தை ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்' என்று எழுதாத புத்தகமே இல்லை. ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகிற வெங்காயம் எந்தச் சந்தையில் விற்கிறது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும். ஒரு புத்தகத்தில் தேவையான பொருட்களில் அரை மூடித் தேங்காய் இருந்தது. நானும் மெனக்கெட்டுத் துருவி வைத்தேன். செய்முறையின் கடைசி வரி வரைக்கும் அந்தத் தேங்காயை யாரும் கூப்பிடவே இல்லை. இன்னொன்றில் பாதிச் சமையல் முடிந்த பிறகு, 'முந்தின நாளே ஊற வைத்த கடலையைச் சேர்க்கவும்' என்று வந்தது. முந்தின நாளுக்குத் திரும்பிப் போக எந்த பஸ்சில் ஏறுவது? மீன் சமையல் என்று தடித்த புத்தகம் ஒன்று. எழுதியவர் கடலைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் அதிலிருந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நண்டை இருபது நிமிடம் வேக வைக்கச் சொன்னதைக் கேட்டு, நண்டு என்ன பாவம் பண்ணியது என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் திட்டிக்கொண்டே இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போனது. தான் பார்த்திராத ஒரு வீட்டில், தன் அடுப்பு இல்லாத அடுப்பில், தான் அறியாத ஒருத்தி இதைப் படித்துச் சரியாகச் சமைத்துவிடுவாள் என்று நம்புவதற்கு எவ்வளவு நல்ல மனசு வேண்டும்! குக்கரோடு வந்த எண்ணெய்ப் பிசுக்கான சின்னப் புத்தகம் ஒன்றில், 'முதல் தோசை சரியாக வராது, கவலைப்படாமல் அடுத்ததை ஊற்றவும்' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே அதைத் தட்டில் முதல் ஆளாக உட்கார வைத்தேன். சமைத்துப் பார்த்ததில் மூன்றுக்கு மூன்றும் சரியாக வந்தது.

சிக்கல் வந்தது ஒரே ஒரு புத்தகத்தால்தான். அதை எழுதியவர் என் சிநேகிதி.

அவரும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். நான் தமிழ், அவர் கணக்கு. இருவரும் இன்றைக்கும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். ஆவூர்ப் பக்கம் பழைய கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தவர். அண்ணன்மார் இருவரில் ஒருவர் திருச்சியில், ஒருவர் குவைத்தில். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. ஒருமுறை ஒரு மாணவனுக்கு அரை மார்க் குறைத்துப் போட்டுவிட்டோம் என்று பரீட்சை லீவில் கண்டுபிடித்து, பஸ் ஏறி வல்லத்திராக்கோட்டையில் இருந்த அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பையன் எப்படியும் பாஸ்தான். நாங்களெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கேலி செய்தோம். கேலி செய்தோமே தவிர, எங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் வேண்டும் என்றால் அவரைத்தான் தேடிப் போனோம்.

அவருடைய அம்மா சமையலுக்குப் பேர் போனவர். ஊர்த் தேர்த் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் அவர்கள் வீட்டில்தான் கூடும். அந்த அம்மா முற்றத்தில் கல் அடுப்பு மூட்டி, அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பார். பல வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் ஒருமுறை போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் வீட்டுக்காரர் கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். அந்த அம்மா காலமாகி ஓராண்டு நினைவுப் பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் சிநேகிதி ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார். அவர்கள் பக்கம் நினைவு நாளுக்கு ஜெபம் அச்சிட்ட அட்டை கொடுப்பதுதான் வழக்கம். இவர் அம்மாவின் சமையல் குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டு, பின் அட்டையில் அம்மாவின் படத்தையும் போட்டார். யாருக்கும் தோன்றாத யோசனை. எனக்கு அன்றைக்கே பெருமையாக இருந்தது.

புத்தகத்தைப் பிரித்தால் கணக்கு டீச்சரின் கைவண்ணம். எல்லாமே நாலு பேருக்கு. கிராம்பு ஒன்றேகால். ஏலக்காய் முக்கால். அன்னாசிப்பூ கால். வரமிளகாய் ஏழரை. பாயசத்துக்கு முந்திரி பன்னிரண்டரை. அச்சகத்தில் இருந்தவர், முக்கால் ஏலக்காயை ஒன்று என்று போட்டுவிடவா, பார்க்க நன்றாக இருக்கும் என்று கேட்டாராம். இவர் சம்மதிக்கவே இல்லை. சரியான அளவு இருக்கும்போது தப்பை எதற்கு அச்சடிப்பது என்று சண்டை போட்டதாக அவரே என்னிடம் சொன்னார். இவ்வளவு துல்லியமாக எழுதியவர் புத்தகம் மூன்றுக்கு மூன்று வாங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றுக்குச் சைபர் வாங்கியது. குழம்பில் கறி வேகும் முன்பே தண்ணீர் வற்றி அடிப்பிடித்துக்கொண்டது. மசாலா போட்ட சுவடே தெரியவில்லை. பாயசம் கரண்டியைவிட்டு இறங்க மறுத்தது. மூன்றாவதாகச் செய்த கத்தரிக்காய்க் கூட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம். முக்கால் ஏலக்காயைக் கத்தியால் நறுக்கி, மிச்சக் காலை டீயில் போட்டுக் குடித்ததுதான் மிச்சம். வீட்டுக்காரர் வழக்கம்போல நல்லாத்தான் இருக்கு என்றார்.

சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்தப் புத்தகத்தையும் வெளியே போகிற கட்டில் வைத்தேன். ஆனால் பேப்பர்காரருக்குப் போட மனசில்லாமல் கட்டின் மேலேயே வைத்திருந்தேன். பின் அட்டை மேலே பார்த்தபடி இருந்தது. அன்றைக்குப் பார்த்து, புதுச் சமையலறையைப் பார்க்கலாம் என்று என் சிநேகிதி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர் கண்ணில் பட்டது கயிறு போட்டுக் கட்டிய பழைய புத்தகக் கட்டும், அதன் மேல் இருந்து சிரித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மாவும்தான்.

அவர் புத்தகத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். கோபப்படுவார், இல்லாவிட்டால் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை வெளியே எடுத்தார்.

"எது எது சரியா வரல, சொல்லுங்க டீச்சர்."

ஒன்றுவிடாமல் சொன்னேன். அவரும் ஒன்றுவிடாமல் அந்தந்தப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். பிறகு நேரே சமையலறைக்குப் போய், தட்டு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாயசத்துக்குப் பாத்திரம் கேட்டார். தான் எழுதியதைத் தானே அச்சில் உள்ளபடி செய்தார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, அதை மட்டும் செய்தார். அவர் கண் முன்னாலேயே பாயசம் இறுகியது. கரண்டியால் அதைக் கிளறிப் பார்த்தவர், சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

காரணத்தை அவரே சொன்னார். அம்மாவின் கடைசித் தேர்த் திருவிழாச் சமையலின்போதுதான் பக்கத்தில் நின்று அளவு கேட்டிருக்கிறார். அம்மா சொன்னதெல்லாம் எண்பது பேருக்கான அளவு. எண்பது பேருக்கு யார் சமைக்கப் போகிறார்கள் என்று, கேட்ட கையோடு மனசுக்குள்ளேயே எல்லாவற்றையும் இருபதால் வகுத்து, நாலு பேர் அளவை மட்டும் எழுதிக்கொண்டாராம். தண்ணீரையும் வகுத்தார், எண்ணெயையும் வகுத்தார், கிராம்பையும் வகுத்தார். நேரத்தை வகுக்காமல் விட்டாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"அண்டாவுக்கு வயிறு பெரிசு, வாய் சின்னது. நம்ம சட்டிக்கு வாய்தான் பெரிசு, தண்ணி பூரா ஆவியாப் போயிரும். கன அளவு கொறையிற மாதிரி பரப்பளவு கொறையாது டீச்சர். இத்தன வருஷமா ஒன்பதாங் கிளாசுக்கு இதத்தான நடத்துனேன்" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. பூசைக்கு வந்த அத்தனை பேர் வீட்டிலும் இந்தப் புத்தகம் இருக்கிறது. அம்மா கையால் சாப்பிட்டவர்கள் பிழையைப் புரிந்துகொள்வார்கள். சாப்பிடாதவர்கள், மருமகள்கள், அவர்கள் பெறப்போகிற பிள்ளைகள் எல்லாரும் இதைப் பார்த்துச் சமைத்துவிட்டு, பெரிய பேர் வாங்கிய சமையல் இவ்வளவுதானா என்று நினைப்பார்கள். அம்மாவின் படத்தைப் போட்டு அம்மாவைப் பற்றியே தப்பாகச் சொல்லிவிட்டேனே என்றார். கொடுத்த வீட்டுக்கெல்லாம் போய்ப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடுவேன் என்றார். அரை மார்க்குக்காக பஸ் ஏறியவர். செய்வார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நாலு பேர் அளவைச் சரிபண்ண முடிகிறதா என்று பார்ப்போமே என்று நான்தான் தடுத்து வைத்தேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பாயசம் இரண்டாவது ஞாயிறே வழிக்கு வந்தது. பாலைக் கூட்டி, தீயைக் குறைத்ததும் அது அடங்கிவிட்டது. கூட்டும் பரவாயில்லை. கறிக் குழம்புதான் பிடி கொடுக்கவில்லை. தண்ணீரைக் கூட்டினால் ருசி கலைந்தது, மசாலாவைக் கூட்டினால் கசந்தது. நல்ல குழம்பு வந்தது, ஆனால் அது வேறு யாரோ வைத்த குழம்பு. நடுவில் தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் அவர் கறி தொடமாட்டார். சமைப்பார், கிண்டுவார், ஆனால் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க மாட்டார். அம்மாவின் ருசி தெரிந்தவர் ருசி பார்க்க முடியாது. அந்த வீட்டுக் குழம்பை ஒரே ஒருமுறை சாப்பிட்ட நான் நடுவர் ஆனேன். ஒரு வகையில் இதுவும் நல்லதுதான் என்றார் அவர். தன் நாக்கு ஆசைப்பட்டதைத்தான் சொல்லுமாம், என் நாக்குக்கு ஆசை கிடையாதாம்.

எனக்கு ஆசை இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் நான் கரண்டியை வாயில் வைக்கும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளையின் முகம்தான் அது. ஒரு ஞாயிறு குழம்பு மிக நன்றாக வந்தது. வீட்டுக்காரர் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார். 'வந்துருச்சு டீச்சர்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் நிம்மதியாகப் புதுப் பக்கத்தை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருப்பார். ஆனால் அரை மார்க்குக்கு பஸ் ஏறியவருக்குக் கருணை மார்க் போட எனக்குக் கை வரவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். ஆனா அம்மா வச்ச கொழம்பு இது இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுப்பை அணைத்தார். கொஞ்ச நேரம் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க ரெண்டு பேருக்குன்னு அம்மா தெனமும் சமைச்சாங்க டீச்சர். நான் அங்கிட்டு ஒக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டு இருப்பேன். ஒருநாளும் அடுப்படிய எட்டிப் பாத்ததில்ல. ஊருக்குன்னு சமைச்சப்பதான் பக்கத்துல போய் நின்னேன். சின்னச் சட்டியில அம்மா என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது."

இரண்டு பேரும் டீ குடித்தோம்.

ஈஸ்டர் நெருங்கும்போது அவருடைய திருச்சி அண்ணன் போன் செய்தார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். அம்மா போன பிறகு, ஈஸ்டர் முடிந்து வருகிற தேர்த் திருவிழாவுக்குக் கேட்டரிங்காரரிடம் பிரியாணி சொல்வதாகிவிட்டது, இந்த வருஷமும் சொல்லிவிடவா என்று கேட்டார். என் சிநேகிதி கொஞ்சம் யோசித்தார். வேண்டாம், நான் சமைக்கிறேன் என்றார். அண்ணன் அந்தப் பக்கத்தில் என்ன சொன்னாரோ, அண்டாவைப் பரணிலிருந்து இறக்கி ஈயம் பூச மட்டும் ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எண்பது பேருக்கு அளவு வேண்டுமே, அம்மா சொன்ன அசல்தான் எழுதவே இல்லையே, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். கறிக் குழம்புப் பக்கத்தைப் பிரித்துச் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். கறி அரைக் கிலோ, பத்துக் கிலோ ஆனது. கிராம்பு ஒன்றேகால், இருபத்தைந்து ஆனது. ஏலக்காய் முக்கால், பதினைந்து. அன்னாசிப்பூ கால், ஐந்து. வரமிளகாய் ஏழரை, நூற்றைம்பது. நாங்கள் பார்த்துச் சிரித்த பின்னம் ஒவ்வொன்றும் முழு எண்ணாக எழுந்து உட்கார்ந்தது. அந்த அம்மா அண்டாவின் பக்கத்தில் நின்று எண்ணிப் போட்ட ஏலக்காய்கள் அப்படியே அந்தப் பக்கத்தில் இருந்தன. அச்சகக்காரர் பேச்சைக் கேட்டு முக்காலை ஒன்றாக்கியிருந்தால் அன்றைக்கு எதுவும் கிடைத்திருக்காது. நான் அந்த எண்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவரோ, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில், போட்ட பெருக்கலை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தேர் அன்று நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். முற்றத்தில் கல் அடுப்பு, அதன் மேல் அண்டா. அண்ணிமார் வெங்காயம் உரிக்க, குவைத்திலிருந்து வந்திருந்த அண்ணன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகைத் தள்ளினார். என் சிநேகிதி ஒரு கையில் துடுப்பும் மறுகையில் புத்தகமுமாக நின்றார். ஒரு வரி படிப்பதும் ஒரு பொருளைப் போடுவதுமாகவே இருந்தார். தண்ணீர் கொஞ்சமாக இருக்கிறதே, இன்னும் ஒரு குடம் ஊற்றலாமே என்று பெரிய அண்ணி சொன்னதற்கு, புத்தகத்தில் அப்படி இல்லை என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். தேர் பார்க்க வந்த சொந்தமெல்லாம் பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கிறது. இது தப்பினால் நாலு பேர் சட்டி தப்பின மாதிரி இல்லை.

கொதி வந்து தளும்பியதும் தீயை இழுத்து, மூடி போட்டு, மூடியின் மேல் தணலும் போட்டார். மணம் பந்தலுக்குப் போகும் முன்பே என்னிடம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார். மூடியைத் திறந்ததும் என் சிநேகிதி ஒரு கரண்டி எடுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கினார். தவக்காலம் முடிந்து அவர் தொட்ட முதல் கறிக் குழம்பு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"என் நாக்க நம்பாதீங்க. நீங்க சொல்லுங்க டீச்சர்."

நானும் உள்ளங்கையில் விட்டு நக்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அம்மா வச்ச கொழம்புதான் டீச்சர் என்றேன். அப்போதுதான் அவர் அடுப்போரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். அண்ணிமார் பதறி ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, இலையைப் போடச் சொல்லுங்கள் என்று நான்தான் அனுப்பி வைத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லவே இல்லை. பேசாமல் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் என் சிநேகிதி வீட்டுக்கு வந்தார். பெரிய பை, அதில் தண்ணீர் பாட்டில், குடை. புத்தகம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கிளம்பியிருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கப் போகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, திருத்தப் போகிறேன், முதல் வீடு உங்கள் வீடு என்றார்.

என்னிடம் இருந்த அவர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, விடைத்தாளில் எழுதுவது போலச் சிவப்பு மையில் நிதானமாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். பிறகு என்னிடம் கேட்காமலேயே அதைக் கொண்டுபோய்ப் புதுத் தட்டில், முதல் தோசை சரியாக வராது என்று சொன்ன புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மணமேல்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன்.

'திருத்தம்: எல்லா அளவையும் இருபதால் பெருக்கவும். எண்பது பேரைக் கூப்பிடவும்.'